பாபநாசத்தில் ஒரு பன்னிரண்டு அடி வயல்!

முதலிலேயே ஒரு விளக்கம். நான் பாபநாசத்துக்காரன். உடனே, "அடடே, அந்த அருவியில் குளிச்சிருக்கேன் சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். 2015-ல் கமல் நடித்துப் படமாக வந்ததே, அது திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். எங்களுடையது தஞ்சாவூர் ஜில்லா. தஞ்சாவூரில் கும்பகோணம் பஸ் ஏறி, ஐயம்பேட்டை தாண்டிக் கண்ணயர்ந்தால் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடுவார். இங்கே அருவி கிடையாது. ஆறு உண்டு, வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, நூற்றெட்டு சிவலிங்கம் உள்ள கோயில் உண்டு, கண்ணுக்கு எட்டியவரை நெல் உண்டு. பில்லியர்ட்ஸ் மேஜை மட்டும் இல்லாமல் இருந்தது.

பில்லியர்ட்ஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய சினிமாதான். பட்டு கவுன் போட்ட பணக்கார வில்லன் ஒரு கோலை வைத்துக்கொண்டு குனிவான். "அவனைத் தீர்த்துடு!" என்பான். 'டக்' என்று ஒரு சத்தம். பந்து குழியில் விழும். அடுத்த காட்சியில் கதாநாயகனின் அப்பா காலி! ஆகவே, "பில்லியர்ட்ஸ் கத்துக்கப் போறேன்" என்று நான் சொன்னபோது என் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

நான் ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது? அது ஒரு சோகக்கதை.

டீயில் விழுந்த பந்து

கும்பகோணத்தில் ஒரு கம்பெனிக் கிளையில் எனக்கு வேலை. ஒரு தடவை டிரெய்னிங்குக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் மாலை, ரீஜனல் மேனேஜர் எங்கள் நாலைந்து பேரைத் தன் கிளப்புக்கு அழைத்துப் போனார். பெரிய ஹால். நடுவில் பச்சைத் துணி போர்த்திய மேஜை, மேலே வரிசையாக விளக்கு. சுவரோரம் வெள்ளை யூனிஃபார்மில் ஒருவர் ஆடாமல் அசையாமல் நின்றார்.

"ஒரு ஷாட் அடிங்களேன்" என்று கோலை என் கையில் கொடுத்தார் மேனேஜர். கேரம் போர்டில் எங்கள் தெருவில் நான்தான் ராஜா. 'இதுவும் அதுதானே, கொஞ்சம் பெரிசு' என்று நினைத்துக்கொண்டு ஓங்கி ஒரு குத்து. கோலின் நுனி பந்துக்கு அடியில் போனது. வெள்ளைப் பந்து எகிறி மேஜையைத் தாண்டி, பக்கத்து ஸ்டூலில் இருந்த மேனேஜரின் டீயில் குளித்தது.

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்க ஊர்ல என்ன விளையாடுவீங்க? கில்லியா?" என்றார்.

அவர் கெட்டவரில்லை, வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த யூனிஃபார்ம்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பேசாமல் வந்து பந்தை எடுத்தார், துடைத்தார், அதன் இடத்தில் வைத்தார், மறுபடி சுவரோரம் போய் நின்றுகொண்டார். ஊர் திரும்பும் ரயிலில், சிரித்தவர்களைவிடச் சிரிக்காத அந்த ஒருவர்தான் எனக்கு ஞாபகத்தில் இருந்தார்.

லாரியில் வந்த வில்லன் மேஜை

அந்தச் சமயம் பார்த்து என் சிநேகிதன் ஒருவன் துபாயிலிருந்து ஊரோடு வந்து சேர்ந்தான். எல்லாரும் மளிகைக் கடை, மொபைல் கடை என்று வைப்பார்கள். இவன், சென்னையில் மூடிவிட்ட ஒரு பார்லரிலிருந்து பழைய ஸ்னூக்கர் மேஜையை வாங்கி வந்துவிட்டான்!

மேஜை என்றால் நாலு பேர் தூக்கி வைக்கிற சாமான் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி. பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது பலகை இல்லை, ஸ்லேட் கல். ஐந்து பலகைக் கற்களைச் சேர்த்துப் பொருத்தியிருக்கும். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். மூடிக்கிடந்த ரைஸ் மில் குடோனில், நெல் மூட்டை சுமந்து பழகிய லோடுமேன்கள் இறக்கி வைத்துவிட்டு, "கல்யாண மண்டபத்து அம்மியைத் தூக்கினாக்கூட இவ்வளவு கஷ்டம் இல்ல" என்று துண்டை உதறினார்கள்.

பூட்டினோம். பந்துகளை அடுக்கினோம். அடித்தோம். எந்தப் பந்தை எந்தப் பக்கம் அடித்தாலும், கடைசியில் அது மெதுவாக மேற்கு மூலைக்கே நடந்து போனது. பேய் மேஜை!

"பந்துல கோளாறு" என்றான் சிநேகிதன். துபாயில் சம்பாதித்ததில் பாதி அந்த மேஜையில் கிடந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் என் அப்பா குடோனுக்கு வந்தார், என்னைத் திட்டத்தான். சூதாட்டக் கூடம் ஆரம்பித்துவிட்டோம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வாசலில் நின்று வாயைத் திறந்தவர், ஒரு பந்து தானாக நகர்ந்து போவதைப் பார்த்ததும் திட்ட வந்ததை மறந்துவிட்டார். கிட்டே வந்தார். பந்தை எடுத்து நடுவில் வைத்தார். அது நகர்ந்தது. குனிந்து, ஒரு கண்ணை மூடி, பச்சைத் துணியின் மேல் பார்வையை ஓட்டினார்.

"மேற்கால பள்ளம்டா! பரம்பு சரியா ஓட்டல!"

அவ்வளவுதான் விஷயம். நடவுக்கு முன்னால் சேற்றில் பரம்படித்து வயலைச் சமன் செய்கிறவருக்கு ஒரு அங்குல மேடு பள்ளம் தெரியாதா? கொத்தனாரைக் கூப்பிட்டு, தண்ணீர் ட்யூபும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தார்கள். மேற்குப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, ஒரு சாயங்காலம் முழுக்க ஏற்றி இறக்கினார்கள். அப்பா ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட்டார். கோடு போட்ட மாதிரி நேராகப் போய் நின்றது.

"இப்ப தண்ணி நிக்கும்" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "திருப்பாலைத்துறைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கார். மெட்ராஸ்ல ஏதோ கிளப்புல இந்தக் கோலோடதான் இருந்தாராம். கத்துக்கறதா இருந்தா அவர்கிட்ட ஒழுங்கா கத்துக்க" என்றார்.

மார்க்கர்

பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். சென்னைக் கிளப் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் மார்க்கர். மார்க்கர் என்றால் ஸ்கோர் போர்டில் புள்ளி தள்ளுகிறவர், பந்து எடுத்து வைக்கிறவர், துணிக்கு பிரஷ் போடுகிறவர். மெம்பர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பதும் பல கிளப்புகளில் அவர்தான். எல்லாரும் போன பிறகு விளக்கை அணைப்பதற்குள் ஆடிப் பார்த்துத்தான் பெரியவரும் கற்றாராம்.

குடோனுக்குள் வந்ததும் மேஜையைக் கையால் தடவிப் பார்த்தார். "மட்டம் யாரு பார்த்தது?" என்றார். அப்பா என்று சொன்னோம். "நல்ல கண்ணு" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

முதல் ஒரு வாரம் என் கண்ணில் பந்தையே காட்டவில்லை. சொல்லிக்கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் எங்காவது ஒரு பார்லருக்குப் போனால் உதவும், டீ தப்பிக்கும்.

*நிற்பது:* வலது கைக்காரர் என்றால் வலது கால் அடிக்கப் போகிற கோட்டின் மேல், நேராக. இடது கால் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் விலகி, முட்டி லேசாக மடங்கி. பிறகு இடுப்பிலிருந்து குனிந்து, மோவாய் கோலைத் தொடுகிற அளவு இறங்க வேண்டும். நான் அப்படி நின்றதும் பெரியவர் வந்து தோளில் ஒரு தள்ளு தள்ளினார், விழுந்தேன். "விழாம நிக்கக் கத்துக்க தம்பி. அடிக்கறது அப்புறம்." நாலு நாள் தள்ளினார்.

*முன் கை:* இடது உள்ளங்கையைத் துணியில் வைத்து விரல்களை அகல விரிக்க வேண்டும். விரல் நுனிகள் துணியைக் கவ்வ வேண்டும். கட்டை விரலைத் தூக்கினால் ஆள்காட்டி விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். கோல் ஓட வேண்டிய வாய்க்கால் அதுதான். இந்தக் கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவில் ஒரு சாண், அதற்குமேல் கொஞ்சம்.

*பின் கை:* கோலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. நசுங்கவும் கூடாது, ஓடவும் கூடாது." முழங்கைக்குக் கீழே கை கடிகாரப் பெண்டுலம் மாதிரி தொங்கி ஆட வேண்டும். தோள் ஆடக் கூடாது, தலை ஆடவே கூடாது. காலி நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் கோல் நுனி உரசாமல் போய்ப் போய் வரச் சொன்னார். முதல் நாள் பாட்டிலோடு நான் பட்ட பாட்டைப் பார்த்து, குடோன் வாசலில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

*சாக்:* கோலின் நுனியில் சின்னத் தோல் வில்லை இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதில் அந்த நீலக்கட்டியைத் தடவ வேண்டும். தடவாவிட்டால் நுனி வழுக்கும். என் டீ விபத்தில் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, பந்தின் அடிவயிற்றில் குத்தியது.

*நேர் கோடு:* எட்டாம் நாள்தான் பந்து வந்தது. ஒரே ஒரு வெள்ளைப் பந்து! மேஜையின் இந்தக் கோடியிலிருந்து நடுக்கோட்டில் அடித்தால், எதிர்க் குஷனில் பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து கோல் நுனியைத் தொட வேண்டும். கேட்கச் சுலபம். எனக்கு அது வலப் பக்கமாகத் திரும்பி வந்தது. "பந்து பொய் சொல்லாது தம்பி. நீ நடுவுல அடிக்கல." நடுவில்தான் அடித்தேன் என்று எத்தனை சத்தியம் செய்தாலும் பந்து சாட்சி சொல்லவில்லை. பத்து அடியில் ஏழு தடவை அது நேராகத் திரும்பி வர எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

*குறி:* கேரம் ஆடியவர்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். குழியிலிருந்து பந்தின் நடு வழியாக ஒரு கோடு இழுத்தால், பந்தின் பின்பக்கம் எந்தப் புள்ளியில் அது வெளியே வருகிறதோ, அங்கேதான் வெள்ளைப் பந்து தொட வேண்டும். அந்த இடத்தில் ஒரு கற்பனைப் பந்து ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, அதன் நடுவுக்குக் குறி வைக்க வேண்டும். வெள்ளையின் நடுவை அடுத்த பந்தின் ஓரத்துக்குக் குறி வைத்தால் பாதிப் பந்து அடி. அடிபட்ட பந்து சுமார் முப்பது டிகிரி விலகிப் போகும். அந்த ஒரு கோணம் கண்ணில் பதிந்துவிட்டால், மற்றதெல்லாம் அதற்குக் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய.

*வெள்ளைப் பந்து:* கடைசியில் சொன்னதுதான் முக்கியமான பாடம். நான் ஒரு சிவப்புப் பந்தைப் படாரென்று குழியில் தள்ளிவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். பெரியவர் குழியைப் பார்க்கவே இல்லை. "வெள்ளை எங்க நிக்குது?" என்றார். அது சுவரோரம் ஒட்டிக்கொண்டு, அடுத்து எதையும் அடிக்க முடியாத இடத்தில் நின்றது.

"ஒரு பந்தை யாரு வேணாலும் போடுவான். அடுத்த பந்துக்கு இடம் பண்ணிக்கறவன்தான் ஆட்டக்காரன்."

நேர் அடியில் வெள்ளையின் நடுவில் சரியான வேகத்தில் அடித்தால், மோதிய இடத்திலேயே அது நிற்கும். நடுவுக்கு மேலே அடித்தால் பின்தொடர்ந்து போகும். கீழே அடித்தால் பின்னால் வரும். இடம் வலமாக அடிப்பதை ஆறு மாதத்துக்குத் தொடவே கூடாது என்று உத்தரவு. அது தெரிந்தால் நேர் அடி கெட்டுப்போகுமாம்.

மூன்று பந்தும் இருபத்திரண்டு பந்தும்

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் எல்லாம் ஒன்றா என்று கேட்காதவர்கள் இல்லை. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. ஒரே குடும்பம், தனித்தனிச் சமையல்.

பில்லியர்ட்ஸில் மூன்றே பந்து. ஆளுக்கு ஒரு வெள்ளை (இப்போது ஒன்று மஞ்சளாக இருக்கும்), பொதுவில் ஒரு சிவப்பு. நம் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் 2 பாயின்ட். அதற்கு 'கேனன்' என்று பெயர். சிவப்பைக் குழியில் போட்டால் 3, எதிராளி பந்தைப் போட்டால் 2. சிவப்பில் பட்டு நம் பந்தே குழியில் விழுந்தால் 3, எதிராளி பந்தில் பட்டு விழுந்தால் 2. கேரமில் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் அபராதம், இங்கே பரிசு!

ஸ்னூக்கரில் இருபத்திரண்டு. வெள்ளை ஒன்று, சிவப்பு பதினைந்து, மற்ற வண்ணங்கள் ஆறு. சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, ரோஸ் 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு போட்டால் ஒரு வண்ணம் போடலாம். வண்ணம் திரும்ப மேஜைக்கு வரும், சிவப்பு வராது. சிவப்பெல்லாம் தீர்ந்ததும் மஞ்சளிலிருந்து கறுப்பு வரை வரிசையாக. ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பையே போட்டு மேஜையைக் காலி செய்தால் 147. தப்பு செய்தால் குறைந்தது 4 பாயின்ட், அதிகபட்சம் 7, நேராக எதிராளி கணக்கில். நாம் தப்பு செய்தால் அடுத்தவனுக்கு மார்க். ஆபீஸ் மாதிரியே!

பூல் என்பது சின்ன மேஜை, பெரிய குழி. பெரியவர் அதைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.

பிறந்த வீடு நம் ஊர்தான்!

'வெள்ளைக்கார ஆட்டம் நமக்கு எதுக்கு?' என்று கேட்ட உறவினர்களுக்குப் பதில் சொல்லவே கொஞ்சம் படித்தேன். படித்ததும் மார்பு விரிந்தது. ஸ்னூக்கர் பிறந்தது லண்டனில் இல்லை, ஜபல்பூரில்! 1875-ல் மழைக்காலத்தில் பொழுது போகாத வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் மேஜையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார்கள். ஆரம்பித்து வைத்தவர் நெவில் சேம்பர்லின். (ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரதமர் இல்லை, இவர் வேறு. பாபநாசம் மாதிரி இதிலும் இரண்டு!) ராணுவப் பள்ளியில் முதல் வருஷப் பையன்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்களாம். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அப்படிக் கூப்பிட, ஆட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, டீயில் பந்து போட்ட நான்தான் சுத்தமான ஸ்னூக்கர்!

அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி அறையில் மாட்டியது எங்கே தெரியுமா? 1880-களில், நம் ஊட்டி கிளப்பில்.

அப்புறம் வில்சன் ஜோன்ஸ். பூனாவில் பிறந்தவர். 1958-ல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் ஜெயித்தார். உலக சாம்பியன் என்று தனி ஆளாகப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1964-ல் மறுபடி வென்றார். மைக்கேல் ஃபெரேரா 1977, 1981, 1983 என்று மூன்று தடவை ஜெயித்தார். பத்மஸ்ரீ கொடுத்தபோது, 'கவாஸ்கருக்கு பத்மபூஷண் என்றால் எனக்கும் அதுதான்' என்று மறுத்து, பிற்பாடு பத்மபூஷணையே வாங்கிய ரோஷக்காரர். கீத் சேத்தி 1992-ல் ஒரே மூச்சில் 1,276 பாயின்ட் எடுத்தார். பங்கஜ் அத்வானி வென்ற உலகப் பட்டங்கள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டன. 2025 நவம்பரில் தோஹாவில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். இந்தியப் பெண் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை.

"நம்ம ஊர் ஆட்டம்தாம்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். "அதான் மட்டம் பார்க்கறப்பவே தெரிஞ்சுதே" என்றார்.

முழுக்கைச் சட்டை

ஒன்றரை வருஷம் ஓடியது. குடோனில் பெரியவர் போட்ட சட்டம் இரண்டு. காசு வைத்து ஆடக் கூடாது. தப்பு செய்தால் செய்தவனே சொல்ல வேண்டும். "கோர்ட்டுல சாட்சி வேணும். இங்க உன் வாய்தான் சாட்சி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ரீஜனல் மேனேஜர் குடும்பத்தோடு நவக்கிரகக் கோயில் சுற்ற வந்தவர், எங்கள் ஊர் வழியாகப் போனார். காபி சாப்பிட அழைத்தேன். பேச்சோடு பேச்சாகக் குடோனைக் காட்டினேன். மேஜையைப் பார்த்து அசந்துபோனார். "ஒரு ஃப்ரேம் ஆடலாமா?" என்றார். இதற்காகத்தானே ஒன்றரை வருஷம் பாட்டிலில் கோல் விட்டேன்!

பெரியவர் ஸ்கோர் போர்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது.

மேனேஜர் நன்றாக ஆடினார். நானும் மோசமில்லை. ஒன்றேகால் மணி நேரம் கழித்து, மேஜையில் ரோஸும் கறுப்பும்தான் மிச்சம். இரண்டும் சேர்த்து 13. நான் 15 பாயின்ட் முன்னால் இருந்தேன். அதாவது, கதை முடிந்தது. "ஆடுங்க, முடிச்சிடலாம்" என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே. ரோஸைக் குறிவைத்து, கறுப்புக்கு மேலாக எட்டிக் குனிந்தேன். மேனேஜர் வருகிறார் என்று அன்றைக்குப் பார்த்து முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். அந்தக் கையின் விளிம்பு கறுப்புப் பந்தை லேசாகத் தடவியது. பந்து ஒரு நூல் அளவு அசைந்தது.

யாரும் பார்க்கவில்லை. மேனேஜர் கோலுக்குச் சாக் தடவிக்கொண்டிருந்தார். சிநேகிதன் வாசலில் போனில் இருந்தான். பெரியவர் நின்ற இடத்திலிருந்து என் முதுகுதான் தெரியும். 'கில்லியா?' என்ற குரல் காதில் கேட்டது. ஒரு ரோஸ் பந்துதான் பாக்கி. ஒன்றரை வருஷம்.

நிமிர்ந்தேன். "ஃபவுல் சார். சட்டை கறுப்புல பட்டுடுச்சு" என்றேன்.

கறுப்பு பட்டால் 7. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மேனேஜர் பக்கம் ஏழு புள்ளி தள்ளினார். வித்தியாசம் 15 இருந்தது 8 ஆயிற்று. மேனேஜர் ரோஸைப் போட்டார், கறுப்பைப் போட்டார். ஐந்து பாயின்ட்டில் நான் தோற்றேன்.

மேனேஜர் கோலை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார். பெரியவரைக் காட்டினேன்.

"ஒரு ஃப்ரேம் ஆடறீங்களா அய்யா?" என்று கேட்டார் மேனேஜர்.

பெரியவர் ஆடினார். அதை ஆட்டம் என்று சொல்வதா, கோலம் போடுவது என்று சொல்வதா? ஒரு அடியிலும் சத்தம் இல்லை, அவசரம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்கு எதிரில் போய், 'வாங்க' என்று கூப்பிடுகிற மாதிரி நின்றது. நாற்பத்தி மூன்று பாயின்ட் எடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்குப் பிறகு மேனேஜர் ஆடியது மரியாதைக்காக.

"எந்த கிளப்ல மெம்பர் நீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"மெம்பர் இல்லீங்க. மார்க்கர்."

மேனேஜர் பதில் பேசவில்லை. அவர் மனதில் என்ன ஓடியதோ தெரியாது. எனக்கு அந்தச் சென்னை ஹாலில் சுவரோரம் நின்ற வெள்ளை யூனிஃபார்ம்தான் ஞாபகம் வந்தது.

பெரியவர் கோலைத் துடைத்து வைத்துவிட்டு, பழையபடி ஸ்கோர் போர்டுப் பக்கம் போனார். அங்கே என் அப்பா, தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பாவுக்குக் கிளப்பும் தெரியாது, மெம்பரும் தெரியாது.

"உக்காருங்கண்ணே. எத்தனை நாழிதான் நிப்பீங்க?" என்றார்.

பெரியவர் நாற்காலியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஆட்டம் நடக்கிற மேஜைக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்.

மேனேஜர் கிளம்பும்போது காரில் ஏறியவர் திரும்ப இறங்கி வந்தார். "அன்னிக்கு கில்லின்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். "அதெல்லாம் மறந்துட்டேன் சார்" என்றேன். பந்து பொய் சொல்லாது. நான் சொல்வேன்!

இப்போது சாயங்காலங்களில் குடோனில் ஏழெட்டுப் பையன்கள் வருகிறார்கள். பாட்டில் பாடம் நடக்கிறது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தள்ளச் சொல்கிறார், நான்தான் தோளைப் பிடித்துத் தள்ளுகிறேன். அப்பா மாதம் ஒரு தடவை ரசமட்டத்தோடு வந்து மேஜையைப் பார்த்துவிட்டுப் போகிறார். குறுவை நேரத்தில் மட்டும் வர மாட்டார். அப்போது வேறு வயலுக்கு மட்டம் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கும்பகோணம் பக்கம் வந்தால் எங்கள் ஊரிலும் இறங்குங்கள். ஆட வரலாம். இரண்டே நிபந்தனை. முழுக்கைச் சட்டை வேண்டாம். டீயைத் தள்ளி வைத்துவிடுங்கள்!